துரித மகாவலியும் தாமதித்த உரிமையும்

கண்டி மாநகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் அணைத்துக்கொண்டு செல்வது மகாவலி கங்கை. பேராதனைப் பூந்தோட்டத்தை வளைந்து, கெட்டம்பைத் துறையைக் கடந்து, கட்டுகஸ்தோட்டையிற் பிங்கா ஓயாவை ஏற்று, பொல்கொல்லையிலும் குண்டசாலையிலும் திரும்பித் தும்பறைப் பள்ளத்தாக்கினுள் அது இறங்குகின்றது. ஏறத்தாழ 335 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாறே இலங்கையின் மிக நீண்ட ஆறாகும். மத்திய மலைநாட்டிலே தோன்றித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலக்கின்றது.

கண்டி மன்னர் காலத்தில் இவ்வாறு இராசதானிக்கு இயற்கை அமைத்த அகழியாய் விளங்கிற்று. 1803ஆம் ஆண்டிலே கண்டியினின்றும் பின்வாங்கிய மேஜர் டேவியின் படை, பெருக்கெடுத்த ஆற்றைக் கடக்கமாட்டாது வட்டப்புளுவையிற் சிக்குண்டு அழிந்தமை வரலாறு. பகைவரைத் தடுத்து நின்ற அதே வெள்ளத்தைத் தடுத்து, விளக்கெரிக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் முனைந்தது இருபதாம் நூற்றாண்டு. அம்முயற்சியைப் பேரளவில் முடித்துக் காட்டியது, இலங்கையின் நிறைவேற்று அதிகாரமுள்ள முதலாவது சனாதிபதியாகிய ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் ஆட்சியாகும்.

அவ்வாட்சியின் செயல்கள் பல. அவற்றுள் கண்டிச் சீமையோடு நெருங்கிய தொடர்புடையன இரண்டு. ஒன்று, ஆற்றை அணைகட்டி ஆண்டது. மற்றையது, மலைத்தோட்டங்களில் வாழ்ந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. முதலாவது மிக விரைவாய் நடந்தேறியது. இரண்டாவது மிகத் தாமதமாய் வந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி அவ்வாட்சியின் பெறுபேற்றைச் சரிவர மதிப்பிடல் இயலாது.

விரைவு என்பது ஜயவர்த்தனாவின் அரசியற் சிந்தனைக்கே அடிப்படையாய் இருந்தது. 1966ஆம் ஆண்டில், டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் அமைச்சராய் இருந்தபோதே, மக்களால் நேரே தெரிவுசெய்யப்பட்டு, சட்டமன்றத்தின் அன்றாட விருப்பு வெறுப்புக்கு உட்படாது குறித்த காலம்வரை ஆளும் தலைமை வேண்டுமென்று அவர் எடுத்துரைத்தார். வளர்ந்துவரும் நாட்டுக்கு உறுதியான ஆட்சியும் விரைந்த தீர்மானமும் தேவை என்பதே அவர் வாதம். அப்பொழுது அதனை அவர் கட்சித் தலைவரே ஏற்கவில்லை. 1977ஆம் ஆண்டு யூலை மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140ஐக் கைப்பற்றியபின் தடை சொல்வார் எவருமிலர். அவ்வாண்டு ஒக்டோபரில் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 1978 பெப்ரவரி 4ஆம் நாள் ஜயவர்த்தனா சனாதிபதியாகப் பதவியேற்றார். செப்டெம்பர் 7ஆம் நாள் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

மகாவலியைத் திருப்பும் எண்ணம் ஜயவர்த்தனாவின் அரசாங்கத்தோடு பிறந்ததன்று. 1965 முதல் 1968 வரை ஐக்கிய நாடுகள் சபையின் அபிவிருத்தித் திட்டத்தினரும் உணவு விவசாய நிறுவனத்தினரும் இலங்கைப் பொறியியலாளரோடு கூடி ஆற்றுப்படுகையை அளந்து பெருந்திட்டமொன்றை வகுத்தனர். வரண்ட பிரதேசத்திலே புதியதும் பழையதுமாக 900,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் வழங்குதல் அதன் நோக்கம். முடிப்பதற்குக் குறித்த காலம் 30 ஆண்டுகள். அதன் முதற்படியாகக் கண்டிக்கு அணித்தே பொல்கொல்லையில் அணையொன்று எழுந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில், 1976ஆம் ஆண்டில், அது நிறைவெய்திற்று. அங்கு தடுக்கப்பெற்ற நீர், மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தினூடே மாத்தளைப் பகுதியிலுள்ள உக்குவளை மின்நிலையத்தை அடைந்து, பின்னர் போவதென்னை வழியாக வடக்கே கலாவாவி வரை சென்றது. கண்டியைச் சுற்றி ஓடிய நீர் அநுராதபுர மாவட்டத்து வயல்களை நனைக்கலாயிற்று.

1977இல் வந்த அரசாங்கம், முப்பதாண்டுத் திட்டத்தின் பெரும்பகுதியை ஆறு ஆண்டுகளில் முடிப்பதெனத் துணிந்தது. துரித மகாவலி அபிவிருத்தித் திட்டம் என அதற்குப் பெயர். 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் மகாவலி அதிகாரசபை நிறுவப்பட்டது. கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான காமினி திசநாயக்கா மகாவலிக்குப் பொறுப்பான அமைச்சரானார். ஒரு நாட்டின் பொருள்வலி இத்தனை வேலைக்கும் போதாதாகையால், அணைக்கொரு நாடு துணை நின்றது. விக்டோரியாவுக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனியும், மாதுரு ஓயாவுக்குக் கனடாவும் உதவின. மாதுரு ஓயாவிலே புதிய அணைக்கென நிலத்தை வெட்டியபோது பழங்கால மதகொன்று மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டது. இக்காலப் பொறியியலார் தேர்ந்த இடத்தையே பண்டைக் கம்மியரும் தேர்ந்திருந்தனர்.

இவற்றுள் கண்டிக்கு மிக அண்மையதும் பெரியதும் விக்டோரியா அணையே. தெல்தெனியாவுக்குக் கீழ்ப்பால் அமைந்த இது 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் உடையது. இலங்கையின் அணைகளுள் இதுவே மிக உயர்ந்தது. மேலிருந்து கீழாகவும் கரையிலிருந்து கரைக்காகவும் இருவகையில் வளைந்த கொங்கிறீற்றுச் சுவர் இது. நீரின் பெருஞ்சுமையைத் தன் பருமனால் தாங்காது, வில்லைப்போல் வளைந்து இருபாலும் உள்ள பாறைகள்மீது தள்ளிவிடுதலே இவ்வமைப்பின் நுட்பம். ஆதலாற்றான் இவ்வளவு உயரமான அணை ஒப்புநோக்கில் மெல்லியதாய் இருக்கின்றது. இதனால் தேங்கும் நீர் 722 மில்லியன் கன மீற்றர். அந்நீர் நீண்ட சுரங்கவழியே இறங்கி 210 மெகாவாட் மின்னாற்றலைத் தரும் பொறிகளைச் சுழற்றுகின்றது. பின்பு ரந்தெனிகலையிற் தேங்கி மீண்டும் மின்னாகி, பண்டைய மினிப்பே அணைக்குச் சென்று, கிழக்கிலுள்ள குடியேற்ற வயல்களை அடைகின்றது. ஒரே நீர் பலமுறை உழைக்கின்றது.

1985 ஏப்பிரல் 12ஆம் நாள் பிரித்தானியப் பிரதம மந்திரி மார்கிரட் தாட்சரும் சனாதிபதி ஜயவர்த்தனாவும் கூடியிருக்க விக்டோரியா திறந்துவைக்கப்பட்டது. அவ்வாண்டில் கொத்மலையும் இயங்கத் தொடங்கிற்று; 201 மெகாவாட் வலுவுடைய அதன் மின்நிலையம் மலையின் அடிவயிற்றிலே குடைந்து அமைக்கப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்து 400 மெகாவாட்டுக்கு மேற்பட்ட ஆற்றலை நாட்டுக்கு அளித்தன. ரந்தெனிகலை 1986இல் நிறைவுற்றது. ஆறு ஆண்டென்றது சற்று நீண்டதாயினும், முப்பதாண்டுக் கணக்கோடு ஒப்பிட இது பெருஞ்சாதனையே. அதே வேளையில், பழைய திட்டத்தின் உறுப்புக்கள் எல்லாம் துரிதத்தில் அடங்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மொறகஹகந்தை நீர்த்தேக்கம் பிற்போடப்பட்டு 2017ஆம் ஆண்டிலேதான் முற்றுப்பெற்றது.

இச்சாதனைக்கு விலையும் இருந்தது. தும்பறைப் பள்ளத்தாக்கு நெல்லும் புகையிலையும் கொக்கோவும் விளைந்த வளநாடு. அதன் கீழ்ப்பகுதியும் பழைய தெல்தெனியா நகரும் நீருள் அமிழ்ந்தன. கொத்மலையிலும் கிராமங்களும் விகாரைகளும் மறைந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பரம்பரை வீட்டையும் வயலையும் விட்டுப் பெயர்ந்தன. கிழக்கே தாழ்நிலக் குடியேற்றங்களுக்குச் செல்ல இசைந்தோருக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுநிலமும் கிடைத்தன. மலைநாட்டை விட மனமில்லாதோர் சூழவுள்ள மேட்டுநிலங்களிற் சிறுகாணி பெற்றனர். அக்காணிகளுள் தேயிலைத் தோட்டங்களினின்றும் பிரித்தெடுத்தனவும் இருந்தன. மழையும் குளிரும் பழகிய கண்டிக் குடியானவன் கிராந்துருக்கோட்டை வெயிலிலே கன்னிநிலம் திருத்தத் தொடங்கினான். கடுங்கோடையில் விக்டோரியா நீர்மட்டம் தாழும்போது பழைய தெல்தெனியாவின் இடிபாடுகள் வெளித்தோன்றுவது வழக்கம். அவ்வேளைகளில் முன்னாள் ஊரார் சென்று தம் வீடிருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு.

இங்கே வேறொரு கூட்டத்தாரைப் பற்றிய வினா எழுகின்றது. இழந்த நிலத்துக்கு ஈடாக நிலம் பெறுதற்கு முதற்றகுதி இந்நாட்டுப் பிரசையாயிருத்தல். ஆற்றின் ஊற்றுக்கண்களைச் சூழ்ந்த மலைகளிலே, கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை, கொத்மலை எங்கணும், தேயிலை பறித்து வாழ்ந்த தமிழருட் பெரும்பாலோர் அத்தகுதி அற்றவராய் இருந்தனர். அவர் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டினின்றும் கால்நடையாய் வந்து, முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றோராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகள் எழுவரை அனுப்பிய சமுதாயம், 1952இல் வாய்ப்பூட்டு இடப்பட்டதாயிற்று. அச்சட்டத்தை நிறைவேற்றிய டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிலே நிதி அமைச்சராய் வீற்றிருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா என்பது இவ்வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி.

அதன் பின் நிகழ்ந்தவை பெரும்பாலும் எண்ணிக்கைப் பேரங்களே. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமபாதியாய்ப் பிரித்துக்கொண்டன. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் காரியாலயம் தோட்டமக்களின் வாழ்விலே பெரியதோர் இடம் பெற்றது. பஸ் ஏறி வந்து, மனுக் கொடுத்து, பெயர் வரக் காத்து, கடவுச்சீட்டுப் பெற்றுத் திரும்பினர். மலைநாட்டு நிலையங்களினின்றும் தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே வழங்கினர். ஒரே லயத்திற் பிறந்த அண்ணன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் பிரிந்த காலம் அது. 1984இல் போர்ச் சூழலினாற் கப்பற் சேவை நின்றது. இந்தியப் பிரசைகளாகிப் போகவேண்டியோர் பலர் தோட்டங்களிலேயே தங்கினர்.

ஜயவர்த்தனா ஆட்சியின் தொடக்கம் இம்மக்களுக்கு ஓரளவு நம்பிக்கை அளித்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பரம்பரைப் பிரசை, பதிவுப் பிரசை என்னும் வேற்றுமையை ஒழித்து யாவரையும் இலங்கைப் பிரசை என்னும் ஒரே பெயரால் அழைத்தது. நாடற்றோராய் நிலையாக வாழ்வோருக்கும் பேச்சு, ஒன்றுகூடல், தொழில் முதலிய சுதந்திரங்களைப் பத்தாண்டு காலத்துக்கு உறுதி செய்தது. தமிழைத் தேசிய மொழியாய் ஏற்றது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரவையிற் சேர்ந்தார். அவர் 1977இல் வென்ற தொகுதி நுவரெலியா-மஸ்கெலியா. மூன்று அங்கத்தவரைக் கொண்ட அத்தொகுதியில் முதலாவதாய் வந்தவர் காமினி திசநாயக்கா. மகாவலி அமைச்சரும் தோட்டமக்களின் தலைவரும் ஒரே மலைத்தொடரின் பிரதிநிதிகளாய், ஒரே அமைச்சரவையில் இருந்தனர். ஆயினும் ஒருவருடைய பணி ஓடிற்று. மற்றவருடைய கோரிக்கை நடந்தது.

இடையிலே வந்தது 1983 யூலை. கொழும்பில் மூண்ட வன்செயல் கண்டி நகரையும் மலைநாட்டையும் தாக்கிற்று. தமிழர் கடைகள் எரிந்தன, தோட்டமக்களும் தப்பவில்லை. 1977இலும் 1981இலும் அடிபட்ட மக்கள் மூன்றாவது முறையும் அடிபட்டனர். முழு அதிகாரமும் ஒருவரிடம் குவிந்திருந்த அரசு, குடிமக்களைக் காக்கும் கடமையில் விரைவு காட்டவில்லை. அதற்கு முந்திய ஆண்டு டிசெம்பரிலே, பொதுத்தேர்தல் நடத்தாது, மக்கள் தீர்ப்பொன்றின் வாயிலாகப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டியதும் இவ்வாட்சியே. தடையின்றிச் செல்லும் வல்லமை நன்மைக்கும் பயன்படும், தீமைக்கும் பயன்படும் என்பதற்கு இவை சான்று.

தோட்டமக்கள் தம் கையிலிருந்த ஆயுதத்தை அமைதியாகப் பயன்படுத்தினர். 1984 ஏப்பிரலில் நடந்த வேலைநிறுத்தத்தின் பயனாய் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி கிடைத்தது. கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பிலே தங்கியிருந்த ஒரு தொழிலில், நூற்றாண்டுக்கு மேல் நிலவிய அநீதி அப்போதுதான் நீங்கிற்று. 1986 சனவரியில் பிரசாவுரிமை வேண்டித் தொழிலாளர் பிரார்த்தனை இயக்கமொன்றை மேற்கொண்டனர். வேலைநேரத்திற் கூடித் தத்தம் தெய்வத்தை வழிபட்டு நின்ற மக்களை அடக்குதற்கு எந்தச் சட்டமும் உதவாது. அரசாங்கம் இணங்கிற்று. ஒப்பந்தக் கணக்கில் இலங்கையின் பங்காயிருந்து, மனுச்செய்யாத காரணத்தால் விடுபட்ட 94,000 பேருக்குப் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் 1986இல் 5ஆம் இலக்கமாய் நிறைவேறிற்று. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியப் பிரசாவுரிமை கோராது எஞ்சிய நாடற்றோரையும் பிரசைகளாக்கிற்று. 1948இல் அமைச்சராயிருந்து கதவடைத்தவர், 1988இல் சனாதிபதியாயிருந்து கதவைத் திறக்கக் கண்டார். இரண்டுக்கும் இடையே 40 ஆண்டுகள்.

இக்காலத்தில் வந்த வேறு நலன்களையும் சுருங்கக் கூறல் தகும். 1980 முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாடநூல்கள் இலவசமாய் வழங்கப்பட்டன. கடன்பட்டுப் புத்தகம் வாங்கிய பெற்றோர் அதன் அருமையை அறிவர். தோட்டப் பாடசாலைகள் படிப்படியாய் அரசாங்கத்தின் கீழ் வந்தன. கொத்மலைக்குப் பணம் தந்த சுவீடன் தேசமே, 1980களின் நடுப்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைக் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உதவிற்று. அணைக்குக் கொடுத்ததோடு ஒப்பிட அது சிறுதொகை; ஆயினும் அதன் விளைவு சிறிதன்று. 1980இல் நிறுவிய மத்திய கலாசார நிதியம் அநுராதபுரம், பொலநறுவை, கண்டி ஆகிய மூன்றையும் இணைத்துப் பழம்பொருட் காப்பில் ஈடுபட்டது. 1988இல் கண்டி நகர் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. 1987இல், இந்திய-இலங்கை உடன்படிக்கையை அடுத்து வந்த பதின்மூன்றாவது திருத்தம், தமிழும் ஆட்சிமொழி என விதித்தது. அதுவும் போரின் நெருக்குதலால் வந்தது. முன்னரே மனமுவந்து கொடுத்திருப்பின் எத்தனையோ உயிர் எஞ்சியிருக்கும்.

1989 சனவரி 2ஆம் நாள் ஜயவர்த்தனா பதவியினின்றும் நீங்கினார். அவர் ஆட்சியை விக்டோரியாவின் அணைமேல் நின்று நோக்குவோர் அதனைப் பொற்காலமென்பர். எரிந்த கடையின் சாம்பலிலே நின்று நோக்குவோர் வேறு பெயரிடுவர். வரலாற்று மாணவன் இரண்டிடத்தும் நின்று பார்த்தல் வேண்டும். அணைகள் உண்மை, அவை தரும் ஒளி உண்மை, சோற்றுக்கு வழிசெய்த வயல்களும் உண்மை. பிரசாவுரிமைச் சட்டங்களும் உண்மையே. அவற்றாற் பிள்ளைகள் அரசாங்க உத்தியோகம் பெற்றதும், பெற்றோர் வாக்களித்ததும் உண்மையே.

எஞ்சி நிற்கும் வினா ஒன்றே. முப்பதாண்டு வேலையை ஏழெட்டாண்டில் முடித்த அரசாங்கத்துக்கு, ஒரு கையொப்பத்தில் முடியத்தக்க காரியத்துக்கு ஏன் பத்தாண்டு வேண்டியிருந்தது? அணைக்கு மலையைக் குடையவேண்டும், கடல்கடந்து பணம் தேடவேண்டும், நகரையே பெயர்க்கவேண்டும். பிரசாவுரிமைக்கு இவையொன்றும் வேண்டா; மனம் ஒன்றே வேண்டும். ஓர் அரசு எதனை விரைந்து செய்கின்றது, எதனைத் தாழ்த்திச் செய்கின்றது என்பதிலே அதன் உள்ளம் வெளிப்படுகின்றது.

அந்தத் தாமதத்தின் கடன் இன்னும் முற்றாகத் தீரவில்லை. விடுபட்டோரைச் சேர்க்க 2003இல் மேலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சொந்தக் காணியின்றி லயங்களில் வாழ்வோர் இன்றும் உளர். ஆற்றின் நலனும் அவர்கள் கையிலேதான் இருக்கின்றது. மேல்மலைகளின் மண் அரிக்கப்பட்டால் பொல்கொல்லையில் வண்டல் சேரும். வண்டல் சேர்ந்தால் கீழே மின்னும் குறையும், பாசனமும் குறையும். மலைச்சரிவிலே வடிகானும் மண்ணணையும் கட்டி மண்ணைக் காத்துவந்த கைகள் தோட்டத் தொழிலாளியின் கைகளே. ஊற்றிலே வாழ்பவனுக்கு நிலத்தில் உரிமை உறுதியானால் ஊற்றும் உறுதியாகும். மகாவலியின் அடுத்த திட்டம் அங்கிருந்து தொடங்குவதே பொருத்தமாம்.